பாபின் லேஸ்: ஊசி இறக்கும்போது விரல் நோகாமல் இருக்க – கேள்வி பதில்

கேள்வி: தலையணைமேல் குண்டூசிகள் குத்தி, பாபின் எனப்படும் நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் பாபின் லேஸில், டார்ஷன் என்ற வகையைக் கற்கத் தொடங்கியிருக்கிறேன். சிறிது நேரம் பின்னினாலே கட்டைவிரல் நுனி சிவந்து எரிகிறது. தோல் தடித்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: தோல் ஓரளவு பழகும், அதை நம்பி வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஊசி குத்த வேண்டிய புள்ளிகள் குறித்த மாதிரி அட்டையில் முன்கூட்டியே துளையிடாமல் பின்னத் தொடங்கினால், அட்டையையும் அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளையும் தலையணையையும் ஒவ்வொரு முறையும் உங்கள் விரல் நுனியே ஊசியை அழுத்தித் துளைக்க வேண்டியிருக்கிறது. வலிக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். மரப்பிடியில் மெல்லிய ஊசி பொருத்திய கருவியைக் கொண்டு, அட்டையைக் கார்க் பலகையின்மேல் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் செங்குத்தாகத் துளைத்துவிட்டுப் பிறகு பின்ன உட்காருங்கள். கருவியின் நுனியை அவ்வப்போது தேன்மெழுகில் குத்தி எடுத்தால் அட்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆனால் துளை குண்டூசியைவிடப் பெரிதாகிவிடக் கூடாது. பெரிதானால் ஊசி ஆடும், பின்னலும் கோணும்.

கேள்வி: ஊசியை எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும்?

பதில்: நூலின் இழுப்பைத் தாங்கும் அளவுக்கு இறங்கினால் போதும், பாதி ஊசி வெளியே நிற்கலாம். ஓர ஊசிகளைச் சற்று வெளிப்புறமாகவும் நடு ஊசிகளைச் சற்றுப் பின்புறமாகவும் சாய்த்து இறக்கினால், குறைந்த ஆழத்திலேயே உறுதியாக நிற்கும். பின்னி முடித்த பகுதியில் நூல் சிக்காதிருக்க ஊசிகளைத் தலைவரை அழுத்த நேரும்போது விரலைப் பயன்படுத்தவே வேண்டாம். நுனியில் சிறு குழியுள்ள உலோக அழுத்தி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண்ணாடித் தலை ஊசிகள் உதவுமா?

பதில்: டார்ஷன் போன்ற அகன்ற பின்னலில் நன்றாக உதவும். இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ஹானிட்டன் லேஸில் துளைகள் மிக நெருக்கமாக இருப்பதால் பெரிய தலைகள் ஒன்றோடொன்று இடிக்கும். அங்கே மெல்லிய ஊசியும் அழுத்தியுமே தகும்.

கேள்வி: விரலுக்கு உலோகத் தொப்பி?

பதில்: எனக்கு உடன்பாடில்லை. பாபின் பிடிக்கும் விரலின் தொடுவுணர்வு போய்விடுகிறது. மெல்லிய தோலுறை பரவாயில்லை.

கேள்வி: என் வைக்கோல் தலையணையில் சில ஊசிகள் இறங்கவே மறுக்கின்றன.

பதில்: கெட்டியாக அடைத்த வைக்கோல் ஊசியை நன்கு பிடித்துக்கொள்ளும் என்பதால் அதைக் குறைசொல்ல மாட்டேன். ஊசி நுனி ஒரு வைக்கோல் தாளில் முட்டி நின்றுவிட்டால் பலங்கொண்டு அழுத்தாமல், அரை அங்குலம் மேலே இழுத்து, சாய்வைச் சற்று மாற்றி மறுபடி இறக்குங்கள். அப்படியும் இறங்காவிட்டால் ஊசியின் முனை மழுங்கியிருக்கும், அதை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஊசியைப் பிடுங்கும்போதும் வலிக்கிறது.

பதில்: பிளவுபட்ட நுனியுள்ள நெம்பியை ஊசித் தலைக்கு அடியில் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். ஈரக் காற்றுள்ள ஊரில் சாதாரண இரும்பு ஊசிகள் துருவேறி இறுகிக்கொள்வதோடு நூலிலும் கறை படியவிடும். ஆகவே பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசிகளையே வாங்குங்கள்.