‘விழுந்தாள், இனி எழமாட்டாள்’ – கடிதம்

அன்புள்ள அண்ணா,

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் வேதபாட வகுப்பு நடக்கிறது. இந்த மாதம் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஆமோஸின் புத்தகம். இஸ்ரவேலை ஒரு பெண்ணாக வைத்து ‘விழுந்தாள், இனி எழமாட்டாள்’ என்று பாடும் 5ஆம் அதிகாரம் 2ஆம் வசனத்தைத் தாண்ட முடியாமல் இரண்டு வாரமாக நிற்கிறோம். நான் ஒரு வருடமாக எபிரேயம் எழுத்துக்கூட்டிப் படித்து வருகிறேன். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தும் மூன்று சந்தேகங்கள் தீரவில்லை.

‘விழுந்தாள்’ என்று ஏன் இறந்தகாலத்தில் இருக்கிறது? அன்றைய இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா அழிந்த பிறகு யாராவது எழுதிச் சேர்த்ததா? ‘இனி எழமாட்டாள்’ என்று முடித்துவிட்டு, இரண்டே வசனம் தள்ளி ‘என்னைத் தேடுங்கள், பிழைப்பீர்கள்’ என்று வருகிறதே, இதில் எதை எடுத்துக்கொள்வது? மூன்றாவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஒருவர், இது இன்றைய இஸ்ரேல் நாட்டுக்கு வரப்போகும் முடிவு என்றார். இன்னொருவர், இல்லை, அதன் எதிரிகளுக்குத்தான் இது பலிக்கும் என்றார். இருவருமே அன்றைய செய்தியைச் சொல்லி, சந்தோஷத்தோடு பேசினார்கள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

எஸ்.

அன்புள்ள தம்பி,

அகராதியை மூடிவைத்துவிட்டு முதலில் வசனத்தைச் சத்தமாகப் படியுங்கள். தமிழ் எழுத்தில் ஏறக்குறைய இப்படி வரும்:

நாஃபெலா லோ தோசிஃப் கூம் / பெதூலத் யிஸ்ராஏல்
நித்தெஷா அல் அத்மாதாஹ் / ஏன் மெகீமாஹ்

சொல் வரிசையை விடாமல் நான் தமிழில் வைத்தால்: ‘விழுந்தாள், இனி எழமாட்டாள், கன்னி இஸ்ரவேல், கைவிடப்பட்டுக் கிடக்கிறாள் தன் மண்ணிலேயே, தூக்கிவிட ஆளில்லை.’

முதல் வரியில் மூன்று அழுத்தம், ஒரு சின்ன நிறுத்தம், பிறகு இரண்டு அழுத்தம். பிற்பாதியிலும் மூன்றாவது அழுத்தத்துக்காகக் காது காத்திருக்கும்போது மூச்சு தீர்ந்துவிடுகிறது. இரண்டாம் வரியில் ‘அல்’ என்ற சின்னச் சொல்லைத் தனியாக எண்ணினால்தான் மூன்று வரும். இல்லாவிட்டால் அது இன்னும் குறுகிவிடும். இந்த நொண்டும் நடைக்கு எபிரேயத்தில் ‘கீனா’ என்று பெயர். செத்தவர்களுக்குப் பாடும் பாட்டு. புலம்பல் புத்தகத்தின் பெரும்பகுதி இந்த நடையில்தான் ஓடுகிறது. கார்ல் புட்டே என்ற ஜெர்மானிய அறிஞர் 1882இல் இந்தச் சந்தத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். ஆமோஸ் காலத்துக் கேட்பவர்களுக்கு அந்த விளக்கம் தேவைப்பட்டிருக்காது. தெருமுனையில் ஒப்பாரிக் குரல் கேட்டால் எந்த வீட்டில் என்று நாம் எட்டிப் பார்ப்பதில்லையா, அப்படித்தான் அவர்களும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். முதல் வசனத்திலேயே அவர் சொல்லிவிடுகிறார்: இஸ்ரவேல் வீட்டாரே, உங்கள்மேல் நான் பாடும் கீனாவைக் கேளுங்கள். யார் செத்தது என்று பார்க்க வந்தவனிடம், நீதான் என்கிறார்.

பாடப்பட்ட இடத்தையும் நினைத்துப் பாருங்கள். ஆமோஸ் தெற்கே யூதாவில், பெத்லகேமுக்கும் தெற்கே உள்ள தெக்கோவா ஊர்க்காரர். ஆடுமாடு வைத்திருந்தவர், காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். எல்லை தாண்டி வடநாடான இஸ்ரவேலுக்குப் போய்ப் பேசினார். 7ஆம் அதிகாரம் அவரை பெத்தேல் கோயிலில் நிறுத்திக் காட்டுகிறது. இந்தப் பாட்டும் அங்கே ஒரு திருவிழாக் கூட்டத்தில்தான் எழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே அப்போது இரண்டாம் யெரொபெயாம் ராஜாவின் ஆட்சி, கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. நாடு செழித்திருந்த நேரம். 1910இல் சமாரியாவில் தோண்டியெடுத்த மையெழுத்து ஓடுகளில் ‘பழைய திராட்சை ரசம்’, ‘சுத்திகரித்த எண்ணெய்’ என்று கணக்கு எழுதியிருக்கிறது. 1930களில் அதே இடத்தில் தந்தச் செதுக்கல்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ‘தந்தக் கட்டிலில் படுத்து, கிண்ணம் கிண்ணமாக ரசம் குடித்து, முதல்தரமான எண்ணெய் பூசிக்கொள்கிறவர்களே’ என்று 6ஆம் அதிகாரம் சொல்வதைப் படித்துவிட்டு அந்த ஓடுகளின் படத்தைப் பாருங்கள். அந்த நாட்டில்தான் ஒரு ஜோடிச் செருப்பு விலைக்கு ஏழையை விற்றார்கள் என்கிறார் ஆமோஸ். அளவுப்படியைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கினார்கள், ஊர்வாசலில் நீதி கேட்டு வந்தவனைத் தள்ளிவிட்டார்கள் என்கிறார். கல்யாணக்களையோடு இருக்கும் வீட்டு வாசலில் உட்கார்ந்து மாரடிப்பது போன்ற காரியம் அவர் செய்தது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ‘நாஃபெலா’ இறந்தகால வடிவம்தான். எபிரேய இலக்கணக்காரர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள்: நடக்கப்போவது நிச்சயம் என்றால் நடந்ததுபோலச் சொல்லிவிடுவது தீர்க்கதரிசிகளின் வழக்கம். ஆனால் தமிழ் படித்த நமக்கு இது புதிதே இல்லை. நன்னூலில் ‘விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும் பிறழவும் பெறூஉம் முக்காலமும்’ என்ற சூத்திரம் பள்ளியில் வந்திருக்குமே. கால வழுவமைதி, அதாவது ஒரு காலத்தை இன்னொரு காலமாகச் சொல்ல இலக்கணம் தரும் அனுமதி. அதில் ‘தெளிவு’ என்பதற்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறின் மழை பெய்தது. மழை இன்னும் பெய்யவில்லை. வானத்தில் மேகம்கூட இல்லாமல் இருக்கலாம். எறும்பைப் பார்த்தவனுக்கு மழை பெய்து முடிந்துவிட்டது. ஆமோஸ் பார்த்த எறும்பு அந்த எடைக்கல்.

அழிவுக்குப் பிறகு எழுதிச் சேர்த்திருக்கலாமே என்றால், இந்தப் புத்தகத்தில் பிற்காலக் கைகள் பட்டிருக்கின்றன என்பதை நானும் ஏற்கிறேன். இந்த வசனத்தை அப்படி நினைக்க எனக்கு மனம் வரவில்லை. எபிரேய மூலத்தில் ஆமோஸ் புத்தகம் முழுவதிலும் அசீரியா என்ற பெயரே கிடையாது. ‘தமஸ்குவுக்கு அப்பால்’ கொண்டுபோகப்படுவீர்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. சமாரியா விழுந்தது கி.மு. 722 வாக்கில், அசீரியரின் கையில். 27,290 பேரைச் சிறைபிடித்துச் சென்றேன் என்று மன்னன் சர்கோன் கல்லில் எழுதிவைத்தான். அதற்குப் பிறகு உட்கார்ந்து எழுதியவர் அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டிருப்பாரா?

இன்னொரு சான்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. வசனம் ‘அல் அத்மாதாஹ்’ என்கிறது, தன் மண்ணின் மேல். நடந்தது வேறு. பிறந்த மண்ணிலிருந்து ஆயிரக்கணக்கானோரைப் பிடுங்கிக் கொண்டுபோனார்கள். ஆமோஸே பின்னால் 7ஆம் அதிகாரத்தில் அதே சொற்களைத் திருப்பிப் போடுகிறார்: இஸ்ரவேல் ‘மேஅல் அத்மாதோ’, தன் மண்ணின் மேலிருந்து, போய்விடும். 5:2 வெறும் நடப்பறிக்கையாக இருந்தால் தன் மண்ணிலேயே கிடக்கும் பெண்ணைக் காட்டியிருக்காது. பாடியவர் கண்முன் ஒரு சாவு இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணை உங்கள் வகுப்பில் யாராவது நின்று பார்த்தார்களா? ‘பெதூலத் யிஸ்ராஏல்’ என்பதை ‘இஸ்ரவேலின் கன்னி’ என்று வேற்றுமையாகப் பிரித்துவிடாதீர்கள். நம் இலக்கணத்தில் சொன்னால் இருபெயரொட்டு. இஸ்ரவேல் ஆகிய கன்னி. ஏன் கன்னி? கல்யாணமாகாமல், பிள்ளை பெறாமல் செத்துப்போகிறவள். அந்தக் காலத்தில் அவள் பெயரை எடுத்துச் செல்ல ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். வாரிசின்றி இறந்தவனின் பெயரை அவன் சகோதரன் ‘எழுப்ப’ வேண்டும் என்று உபாகமம் 25இல் ஒரு சட்டம் உண்டு. அங்கே வரும் வினைக்கும் இங்கே ‘மெகீமாஹ்’, அதாவது அவளை எழுப்புகிறவன், என்பதற்கும் வேர் ஒன்றே. இவளுக்கு அந்தச் சட்டமும் உதவாது. இந்தத் தொடர்பு என் வாசிப்பு. ஏற்றுக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். எனக்கு அந்தக் கடைசி இரண்டு சொற்களில் ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது. வயசுப் பெண் நடுமுற்றத்தில் கிடக்கிறாள், தூக்க ஆளில்லை.

இரண்டாவது கேள்விக்கு, ‘கூம்’ என்ற அந்த எழும் வினையைப் புத்தகம் முழுக்கப் பின்தொடர்ந்து போங்கள். 5:2இல் இரண்டு முறை. 8ஆம் அதிகாரம் முடியும்போது ‘விழுவார்கள், இனி எழமாட்டார்கள்’ என்று மறுபடியும். பிறகு 9:11இல், ‘அந்நாளில் தாவீதின் விழுந்த குடிசையை எழுப்புவேன்’. அதே விழுதல், அதே எழுதல். தூக்க ஆளில்லை என்றதற்கு, நான் எழுப்புவேன் என்று பதில். கடைசிப் பகுதி பின்னால் சேர்ந்தது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சேர்த்தவர் யாராக இருந்தாலும் அவர் 5:2ஐ மனப்பாடமாக வைத்திருந்தவர், அதை அப்படியே விட்டுப்போக முடியாதவர்.

அப்படி விட முடியாமல் தவித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 145ஆம் சங்கீதம் அகரவரிசைப் பாட்டு. எபிரேய மூலத்தில் ‘நூன்’ எழுத்துக்குரிய வசனம் மட்டும் இல்லை. ஏன் என்று யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதின் பெராகோத் பகுதியில் கேட்கிறார்கள். யோகனான் ரபி சொல்கிறார்: ‘நாஃபெலா’ என்ற அழிவின் சொல் நூன் எழுத்தில் தொடங்குகிறதே, அதனால்தான். (சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த 11ஆம் குகைச் சங்கீதச் சுருளில் அந்த நூன் வசனம் இருக்கிறது, அவர்களிடம் அது போய்ச் சேரவில்லை.) உடனே அடுத்த குரல்: இஸ்ரவேல் தேசத்தில் இந்த வசனத்தை வேறு மாதிரி நிறுத்திப் படிக்கிறார்கள். ‘விழுந்தாள், இனி விழமாட்டாள், எழு, கன்னி இஸ்ரவேலே!’ நிறுத்தற்குறியை ஒரு சொல் முன்னால் தள்ளிவிட்டார்கள். இலக்கணம் இதற்கு இடம் கொடுக்காது. பெண்ணைப் பார்த்து ‘எழு’ என்றால் ‘கூமி’ என்று வரவேண்டும்; ‘கூம்’ ஆணுக்குரிய ஏவல். நம்மைவிட நூறு மடங்கு எபிரேயம் அறிந்தவர்கள் அவர்கள். தெரிந்தேதான் அப்படிப் படித்தார்கள். ஆலயமும் இழந்து சிதறிப்போன சனம், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தது.

அதனால் ‘எழமாட்டாள்’, ‘தேடுங்கள், பிழைப்பீர்கள்’ இரண்டையும் எதிரெதிர் அறிவிப்புகளாக வைத்துப் பார்க்காதீர்கள். உயிரோடு இருக்கிறவன் காதில் விழும்படி அவனுக்கே சாவுப்பாட்டு பாடுவது எதற்காக? அவன் பதறி எழுந்து வருவதற்காக. 15ஆம் வசனத்தில் ‘ஊலாய்’ என்ற சொல் வரும்: ஒருவேளை. வாசலில் நீதியை நிலைநிறுத்துங்கள், ஒருவேளை யோசேப்பில், அதாவது வடநாட்டில், மீந்தவர்களுக்கு இரங்குவார். அந்த ‘ஒருவேளை’யை அழிக்கவும் கூடாது, ‘கட்டாயம்’ என்று ஆக்கவும் கூடாது.

மூன்றாவதுக்கு வருகிறேன். இந்த வசனத்தின் இஸ்ரவேல், சமாரியாவைத் தலைநகராகக் கொண்ட வடநாடு. தெற்கே இருந்த யூதாகூட இதில் சேராது. 1948இல் உருவான நாட்டின் பெயர் அதுவாக இருப்பதால் வசனத்தை எடுத்து அங்கே ஒட்டுவது பெயரை வைத்து ஆளைப் பிடிப்பது. எதிரிகள்மேல் திருப்புவதற்கும் இதில் ஒரு சொல்லும் இல்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் ஆமோஸ் தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியிருக்கிறவர்களின் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறியது, ஒரு ராஜாவின் எலும்பைச் சுண்ணாம்பாக எரித்தது. அந்த ராஜா ஏதோமின் ராஜா, இஸ்ரவேலின் ராஜாகூட இல்லை. யாருக்குச் செய்தாலும் கொடுமை கொடுமைதான். கூட்டம் தலையாட்டிக்கொண்டே வந்திருக்கும்; வட்டம் சுருங்கிக் கடைசியில் அவர்கள்மேல் வந்து நிற்கிறது. 9:7 இன்னும் ஒரு படி மேலே போகிறது: உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்தது போலவே பெலிஸ்தரையும் சீரியரையும் கொண்டுவந்தேன்.

ஆனால் அந்த இருவரிடமும் சரித்திரம் பேசி வாதாட வேண்டாம் தம்பி. உங்களைத் தூங்கவிடாமல் செய்தது அவர்களுடைய சந்தோஷம். அது சரியான தூக்கமின்மை. வரும் வெள்ளிக்கிழமை 5ஆம் அதிகாரத்துக்குப் போகும் முன் 7ஆம் அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களை அவர்கள் இருவரையுமே மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். வெட்டுக்கிளி வருகிறது, பிறகு நெருப்பு வருகிறது. இரண்டு முறையும் ஆமோஸ் குறுக்கே விழுந்து கெஞ்சுகிறார்: ‘மீ யாகூம் யாக்கோவ், கீ காதோன் ஹூ’. யாக்கோபு, அதாவது இஸ்ரவேல், எப்படி எழுந்து நிற்பான், அவன் சின்னவனாயிற்றே. அந்த ‘யாகூம்’ என்ற சொல்லில் விரல் வைத்துக்கொண்டு, 5:2இல் ‘கூம்’ மேல் இன்னொரு விரலை வையுங்கள். ‘எழமாட்டாள்’ என்று பாடிய வாய்தான் இப்படியும் கேட்டது. ‘அது நடக்காது’ என்று இரண்டு முறையும் அவருக்குப் பதில் கிடைக்கிறது.

அன்புடன்.