சுரங்கக் கோபுரம் காட்சிக் கோபுரமானால் அதன் பாரம்பரிய மதிப்பு போய்விடுமா?

காரைக்குடியிலிருந்து வந்த கேள்வி: ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரில் பழைய சுரங்கக் கோபுரத்தில் ஏறி ஊரைப் பார்க்கிறார்கள். வேலையும் நின்று இடமும் மாறிய பிறகு அது எப்படிப் பாரம்பரியம்? நம் ஊரில் வீட்டைப் பிரித்துத் தூண் விற்பதும் அதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. அந்தக் கோபுரம் டார்ட்முண்ட் நகரின் ஜெர்மானியா நிலக்கரிச் சுரங்கத்தில் நின்றது. உச்சியிலுள்ள சக்கரங்களில் ஓடிய கம்பிவடம் ஆட்களையும் கரியையும் ஏற்றி இறக்கியது. வடம் இழுக்கும் இழுப்புக்குச் சாயாமல் தாங்கத்தான் அந்தச் சரிந்த கால்கள். சக்கரமும் காலும் சேர்ந்து நின்றால்தான் இது கண்ணுக்குப் புரியும். 1973-இல் கோபுரத்தைக் கொண்டுவந்து, 1930-இல் தொடங்கிய சுரங்க அருங்காட்சியகத்தில் முழுதாக நிறுத்தினார்கள். உயரம் சுமார் 71 மீட்டர்.

நம் செட்டிநாட்டு வீடுகளில் நடப்பது வேறு. பர்மா தேக்குத் தூண் ஒன்று எங்கோ ஓர் உணவகத்தில் அழகாக நிற்கலாம். ஆனால் முகப்பு, வளவு (திறந்த நடுமுற்றம்), இரண்டாம் கட்டு என்று பின்வாசல் வரை நேராக ஓடும் ஒழுங்கும், வளவைச் சுற்றிய அறைகளில் புள்ளி புள்ளியாக (மணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி) வாழ்ந்த குடும்பமும் அந்தத் தூணில் இல்லை. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இடம் மாறியதில் போஹும் நகரக் கோபுரத்துக்கும் இழப்பு உண்டு. அதன் வடம் இறங்கிய ஆழ்குழி அங்கே இல்லை. எஸ்ஸென் நகரின் சோல்ஃபெரைன் சுரங்கம் நின்ற இடத்திலேயே காக்கப்பட்டது. 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. என் கணக்கில் அதுவே மேல்.

புதுப் பயன் தவறே இல்லை. மக்கள் ஏறினால்தான் துருவைச் சுரண்டி வண்ணம் பூசப் பணம் வரும். செட்டிநாட்டு வீட்டை விடுதியாக்குவோரும் வளவை மூடி அறை கட்டாமல், ஆத்தங்குடித் தரைக் கல்லைப் பெயர்க்காமல் நடத்தலாம்.