கண்மாய்ப் பாசன ஊர்களில் பூச்சிமருந்தைக் குறைக்க அரசு எங்கே கை வைக்க வேண்டும்?

கேள்வி: காரைக்குடி, கல்லல், தேவகோட்டை பக்கம் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு போகம் நெல்தான். அதற்கே நாலைந்து தடவை மருந்து அடிக்கிறார்கள். அரசாங்கம் மொத்தமாகத் தடை செய்துவிட்டால் என்ன? அது முடியாதென்றால் வேறு என்னதான் வழி?

மொத்தத் தடையின் கதி என்ன என்பதை இலங்கையில் எல்லோரும் பார்த்துவிட்டோம். 2021-ல் ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள்; அந்த வருஷம் நவம்பருக்குள் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதே இலங்கை 1995-ல் வேறொன்று செய்திருக்கிறது, அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என்று வகைப்படுத்திய மருந்துகளை மட்டும் விலக்கினார்கள்; 1998-ல் எண்டோசல்பானும் போனது. அடுத்த பத்து வருஷத்தில் நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாக இறங்கியது. நெல் விளைச்சல் அதனால் விழவில்லை. ஆகவே தடை வேண்டும்தான். கொடியதிலிருந்து தொடங்கி, மருந்து மருந்தாக.

நம் சட்டத்தில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி மாநில அரசு ஒரு மருந்தை 60 நாள் நிறுத்தலாம், மேலும் 30 நாள் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். பதிவை ரத்து செய்யும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. தமிழக அரசு 2023-ல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட 6 மருந்துகளை நிறுத்தியபோதும் கணக்கு 60 நாள்தான். மோனோகுரோட்டோபாஸின் கதை தனிப் பாடம். 2005-ல் காய்கறிக்கு மட்டும் தடை செய்தார்கள். நெல்லுக்கு வாங்கிய அதே பாட்டில் கத்தரிக்காய்க்குப் போனால் யார் பார்ப்பது? 2023-ல்தான் அதன் 36 சதவீதக் கரைசலையே விலக்கும் உத்தரவு வந்தது. பயிர்வாரித் தடை என்பது காகிதத்தோடு சரி என்பதற்கு இந்த 18 வருஷம் போதும்.

ஆனால் தடை எட்டுவது கொடிய மருந்துகளைத்தான். நாலு தடவை அடிப்பதை ஒரு தடவையாக்க அது உதவாது. ஒன்றை எடுத்தால் பக்கத்து அலமாரியில் இன்னொன்று இருக்கும். அடிப்பதா வேண்டாமா என்ற முடிவு மருந்துக்கடை மேசையில்தான் நடக்கிறது. "அண்ணே, குருத்து காயுது" என்று ஒரு பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். "இத ஒரு டேங்குக்கு ரெண்டு மூடி ஊத்துங்க, கூட இந்த டானிக்கும் போடுங்க" என்று பதில் வருகிறது. காசு அறுவடைக்குப் பிறகு கொடுத்தால் போதும். வயலைப் பார்க்காமல் வைத்தியம், அதற்குக் கடனும் கிடைக்கிறது. புதிதாக உரிமம் வாங்க வேளாண்மை அல்லது அறிவியல் படிப்பு வேண்டும் என்று விதி வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் படித்தவரும் விற்றால்தானே பிழைக்க முடியும்?

இங்கே கொள்கை செய்யக்கூடியது ஒன்று. டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. சிவப்பும் மஞ்சளும் விற்கும்போது பயிர், பூச்சி, ஏக்கர், அளவு நான்கும் ரசீதில் எழுதியிருக்க வேண்டும்; வேளாண்மை அலுவலரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று வைக்க வேண்டும். ரசீது தருவது இப்போதே கட்டாயம்தான், கேட்டு வாங்குகிறவர் குறைவு. சீட்டு முறை வந்தால் அலுவலர் வயலுக்கு வந்தாக வேண்டும். அதற்கு ஆள் போடாமல் சீட்டை மட்டும் கட்டாயமாக்கினால், கடைக்காரரே பத்துச் சீட்டு முன்கூட்டிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்.

அலுவலர் வந்து எதைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரச் சேத நிலைக் கணக்கு எளிது. தண்டுத் துளைப்பானுக்கு ஒரு சதுர மீட்டரில் 2 முட்டைக் குவியல் அல்லது 10 சதவீதம் குருத்துக் காய்தல். இலைச்சுருட்டுப் புழுவுக்கு வளரும் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம், கண்ணாடி இலை (கதிரை ஒட்டிய கடைசி இலை) பருவத்தில் 5 சதவீதம். சாறு உறிஞ்சும் புகையானுக்குத் தூருக்கு, அதாவது ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி. குத்துக்கு (ஓரிடத்தில் நட்ட பயிர்க் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். கதிர் நாவாய்ப்பூச்சிக்குப் பூக்கும்போது 100 கதிருக்கு 5. இதற்குக் கீழே இருந்தால் மருந்துச் செலவு சேதத்தைவிட அதிகம். நட்ட முதல் 40 நாளில் இலை தின்னும் புழுவுக்கு அடிப்பது பெரும்பாலும் வீண். பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். வியட்நாமில் மெகாங் டெல்டாவில் 1994-லிருந்து 'முதல் 40 நாள் அடிக்காதே' என்ற ஒற்றைச் செய்தியையே ரேடியோ நாடகமாகப் போட்டுத் தெளிப்பைக் கணிசமாகக் குறைத்தார்கள்.

முதல் தெளிப்பு வீண் செலவோடு நின்றால் பரவாயில்லை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவற்றை ஆரம்பத்திலேயே அடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் நீர் மிதப்பானும் செத்துவிடும். பிறகு வரும் புகையானுக்குத் தடுப்பு ஆள் இல்லை. புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும். மேலாக அடிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்பது பரிந்துரை. 16 லிட்டர் டேங்கில் அது 12, 13 நடை. சுமக்க முடியாமல் ஐந்தாறு நடையில் முடித்து, குறைந்த தண்ணீருக்கு ஈடாக மூடியைக் கூட்டுகிறார்கள். மூடியும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். ஒவ்வொரு டப்பாவோடும் மில்லி குறித்த அளவுக் குவளை தரவேண்டும் என்ற ஒரு விதி, பத்துப் பயிற்சி முகாமைவிடப் பிரயோஜனமானது.

யூரியாவையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால் மேலுரம் கை தாராளமாகப் போகிறது. கரும்பச்சையாகத் தழைத்த பயிரில்தான் புகையானும் இலைச்சுருட்டும் கூடும். இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையைப் பார்த்து, யூரியாவைப் பிரித்துப் போடச் சொல்வது பூச்சிக் கொள்கையும்தான்.

காவிரி டெல்டாவுக்கு இல்லாத ஒரு சௌகரியம் செட்டிநாட்டுக்கு உண்டு. மாசியில் அறுத்தால் புரட்டாசி வரை வயல் பெரும்பாலும் தரிசு. நெல்லையே நம்பி இருக்கும் பூச்சிகளுக்கு அத்தனை மாதம் சோறு இல்லை. கோடை உழவில் தாளைப் புரட்டிவிட்டால் அதற்குள் இருக்கும் துளைப்பான் புழுவும் காய்ந்து சாகும். இந்தச் சௌகரியத்தைக் கெடுப்பது முன்னும் பின்னுமான நடவு: ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் முன்னால் நட்டுவிடுகிறார், மற்றவர்கள் கண்மாய் பெருகும்வரை காத்திருக்கிறார்கள், பூச்சி ஒரு வயலில் பெருகி அடுத்த வயலுக்கு மாறுகிறது. ஒரு மடைக்குக் கீழே உள்ள நடவெல்லாம் மூன்று வாரத்துக்குள் முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதனால் மானியத்தின் அலகு தனி விவசாயியாக இல்லாமல் கண்மாய் ஆயக்கட்டாக, அதாவது ஒரு கண்மாய்த் தண்ணீர் பாயும் மொத்த நிலமாக, இருக்க வேண்டும் என்பது என் வாதம். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்கனவே ஓர் அமைப்பு இருக்கிறது. மடை திறக்கும் நாளைத் தீர்மானிக்கும் கூட்டத்திலேயே நாற்றங்கால் நாளையும் தீர்மானித்து, நீர்பாய்ச்சியிடம் சொல்லிவிடலாம். காய்ந்த மண்ணில் நேரடியாக விதைக்கும் புழுதி விதைப்பு ஊர்களில் நடவுக் கணக்கு பொருந்தாது. அங்கே பெரிய செலவு களைக்கொல்லி, அது தனிப் பதிலுக்கு உரியது.

மாற்று மருந்து விஷயத்தில் அரசுத் திட்டங்கள் சறுக்குவது பணத்தால் அல்ல, தேதியால். டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டையை எடுத்துக்கொள்வோம்; பூச்சியின் முட்டைக்குள் வளர்ந்து அதை அழிக்கும் சிறு குளவியை அட்டையில் ஒட்டித் தருவது அது. தண்டுத் துளைப்பானுக்கு ஜப்பானிகம் வகை, நட்ட 30, 37-ஆம் நாள். இலைச்சுருட்டுக்குச் சிலோனிஸ் வகை 37, 44, 51-ஆம் நாள். ஒவ்வொரு முறையும் ஏக்கருக்கு 2 சிசி, அதாவது 40,000 முட்டை. நூறு ஏக்கர் ஆயக்கட்டுக்கு ஒரு வெளியீட்டுக்கு 200 சிசி. இந்த ஒட்டுண்ணியை வளர்க்க முதலில் அரிசி அந்துப்பூச்சி வேண்டும். உடைத்த கம்பிலும் நிலக்கடலையிலும் முட்டை இட்டு, அந்து வெளிவர 40 நாள் ஆகும். அதன் முட்டையில் ஒட்டுண்ணி வளர்ந்து வர மேலும் ஒரு வாரம். கார்த்திகையில் கட்ட வேண்டிய அட்டைக்கு ஆவணியிலேயே ஆர்டர் போயிருக்க வேண்டும். நிதி ஒதுக்கி, டெண்டர் விட்டு, அட்டை வரும்போது பயிர் கதிர் வாங்கியிருக்கும். அப்போது கட்டிவிட்டு "இயற்கை முறை வேலை செய்யவில்லை" என்று பெயர் வாங்குவதுதான் நடக்கிறது. வந்த அட்டையையும் காலை அல்லது மாலையில் இலையின் அடிப்பக்கம் கட்ட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் மருந்து கூடாது. பக்கத்து வயல்காரர் அடித்தாலும் போச்சு. ஆயக்கட்டு முழுதும் சேர வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

வேப்பங்கொட்டைக் கரைசலில் கணக்கு ஒத்துப்போகிறது. நம் பக்கம் ஆனி, ஆடியில் பழம் உதிரும். சதையைக் கழுவி நிழலில் உலர்த்தினால் ஐப்பசி, கார்த்திகைக்கு 3 முதல் 5 மாத விதை, சரியான பதம். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 200 கிராம் காதி சோப்பு கலந்து 100 லிட்டராக்கினால் 5 சதவீதக் கரைசல். அன்றே, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். பூசணம் பிடித்த விதை பயன்படாது. ஏக்கருக்கு 10 கிலோ பருப்பு என்றால் நூறு ஏக்கருக்கு ஒரு டன். ஊர் முழுக்க அடிக்க இது கட்டாது, சேத நிலையைத் தாண்டிய வயலுக்கு மட்டும் போதும். மகளிர் சுயஉதவிக் குழுவிடம் ஜூன் மாதமே விலை சொல்லி வாங்கினால்தான் கொட்டை சேரும்.

வரியும் காப்பீடும் மிச்சம். ரசாயன மருந்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சிவப்பு முக்கோணத்துக்கும் பச்சைக்கும் ஒரே வரி. 2025 செப்டம்பரில் 12 உயிரி மருந்துகளுக்கு 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். டென்மார்க் 2013 முதல் நச்சுத்தன்மையை அளந்து வரி போடுகிறது. இங்கே முக்கோணம் ஏற்கனவே அச்சாகி இருப்பதால் அளக்கும் வேலைகூட இல்லை. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் பூச்சித் தாக்குதலும் சேரும், ராபி பருவத்துக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஆனால் நெல்லுக்கு இழப்பைக் கிராம அளவில் கணக்கிடுவதால், மருந்து அடிக்காமல் விட்டு ஒருவர் மட்டும் நஷ்டப்பட்டால் ஒன்றும் வராது. சேத நிலை பார்த்து அடிக்கும் ஆயக்கட்டுக்கு முதல் மூன்று வருஷம் தனி ஈட்டுத்தொகை வேண்டும். இந்தோனேசியா 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்து, 1989-க்குள் மருந்து மானியத்தையே எடுத்தபோது, கூடவே விவசாயிகள் வயலிலேயே பூச்சியைக் கவனித்துக் கற்கும் வயல்வெளிப் பள்ளிகளையும் தொடங்கியது. உற்பத்தி சரியவில்லை.

ஊர் அளவில் தொடங்க நினைத்தால் ஆகஸ்ட் 15 கிராம சபைதான் கடைசிக் கெடு. அக்டோபர் 2 வரை தள்ளினால் அட்டை கிடைக்காது. தீர்மானத்தில் ஆயக்கட்டுப் பரப்பு, உத்தேச நடவு வாரம், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வேண்டிய சிசி, தேதி எல்லாம் எண்ணாகவே இருக்கட்டும். டேங்க் கழுவிய தண்ணீரைக் கண்மாயிலோ ஊருணியிலோ ஊற்றக்கூடாது, வயலிலேயே ஊற்ற வேண்டும் என்பதையும் அதில் சேர்க்கலாம். ஒரு நகலை வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடமும், இன்னொன்றை ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.