மலைப்பாதைக்குத் தனிக் கணக்கு: அவசர சேவைக் கொள்வனவு பற்றிய கேள்வி பதில்

அவசர சேவையொன்றின் களஞ்சியத்திலும் பெறுகை (கொள்வனவு) பிரிவிலும் நீண்ட காலம் வேலை பார்த்தவன் நான். 1990 சுவசெரிய (இலங்கையின் இலவச அம்பியூலன்ஸ் சேவை) போன்றவற்றுக்குச் சாமான்கள் எப்படி வாங்கப்படுகின்றன என்று மலையகத்தைச் சேர்ந்த பலர் கேட்டிருந்தார்கள். கேள்விகளைச் சுருக்கி, கேட்டவரின் ஊரை முன்னால் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஹட்டன்: சேர், அவசரத்துக்கு ஓடும் சேவைக்கு எதற்கு இத்தனை விலைமனு (டெண்டர்), இத்தனை குழு? தேவைப்பட்டதும் கடையில் வாங்கினால் என்ன?

அவசரம் நோயாளிக்குத்தான் தம்பி, ஒட்சிசன் முகமூடிக்கு இல்லை. மாதம் எத்தனை முகமூடி செலவாகிறது என்பது பதிவேட்டில் இருக்கிறது, எப்போது தீரும் என்பதும் முன்கூட்டியே தெரியும். 2006 அரச பெறுகை வழிகாட்டி மூன்று ஆண்டுக்கான திட்டமும் அடுத்த ஆண்டுக்கான விரிவான திட்டமும் கேட்டது இதற்காகத்தான். அதன்படி தேசிய மட்டப் போட்டி விலைமனுவுக்கு ஆகக்குறைந்தது 21 நாள் கொடுக்க வேண்டியிருந்தது, சர்வதேச மட்டத்துக்கு 42 நாள். பிறகு மதிப்பீடு, அங்கீகாரம், கட்டளை, கப்பல், சுங்கம். 2025 ஜனவரி முதல் புதிய வழிகாட்டல் வந்துவிட்டாலும் இந்த வரிசை மாறாது.

கணக்கு எளிது. மாதம் 40 முகமூடி செலவாகிறது, கட்டளையிட்டுக் கைக்கு வர 5 மாதம் என்று வைத்துக்கொள்வோம். 200 அந்த இடைவெளிக்கு, இன்னும் 80 தாமதத்துக்குக் காப்பு. இருப்பு 280ஐத் தொடும் அன்றே கட்டளை போக வேண்டும். 30 ஆனபின் ஓடுவதை அவசரம் என்று நான் ஏற்பதில்லை. மண்சரிவு, வெள்ளம் என்றால் நேரடியாக வாங்க விதியிலேயே வழி உண்டு. சின்னத் தேவைகளுக்குச் சில விற்பனையாளர்களிடம் விலை கேட்டு வாங்கலாம். ஆனால் பெரிய தேவையொன்றைத் துண்டு துண்டாக உடைத்து அந்த வழியில் நுழைப்பது விதிமீறல்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தாதி: கொழும்புக்குப் போகும் அதே பட்டியல்தான் எங்களுக்கும் வருகிறது. அது சரியா?

சரியில்லை தங்கச்சி. எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

680 லீற்றர் கொள்ளும் சிறிய ஒட்சிசன் சிலிண்டரை எடுங்கள். நிமிடத்துக்கு 10 லீற்றர் கொடுத்தால் 68 நிமிடம் வரும். நகரத்தில் கால் மணி நேரத்தில் வைத்தியசாலை, 150 லீற்றரோடு வேலை முடிகிறது. தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து வளைவு வளைவாக இறங்கி ஆதார வைத்தியசாலைக்கு வரும் பயணம் 70 நிமிடம் எடுத்தால் 700 லீற்றர் வேண்டும். ஒரு சிலிண்டர் பாதி வழியில்லை, வாசலுக்குக் கிட்ட வந்து தீரும். 15 லீற்றர் கொடுக்க வேண்டிய நோயாளிக்கு 45 நிமிடம்தான். "வண்டிக்கு இத்தனை சிலிண்டர்" என்று சமமாகப் பங்கிடுவது பார்வைக்கு நியாயம், மலையில் அது அநியாயம். பங்கீடு பயண நிமிடத்தை வைத்து நடக்க வேண்டும்.

அடுத்தது குளவிக் கொட்டு. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் கூடு கலைந்தால் ஒரே நேரத்தில் பலர் வருவார்கள். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின். சனத்தொகையை வைத்து மருந்து ஒதுக்கினால் இந்தத் தேவை கணக்கிலேயே வராது. நோயாளி முதலில் போய்ச் சேரும் இடத்தில் அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

குளிரையும் யாரும் எழுதுவதில்லை. இரத்தச் சீனி பார்க்கும் பல குளுக்கோமீற்றர்கள் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே பிழை காட்டும். நுவரெலியாவில் ஜனவரி இரவுகள் அதற்கும் கீழே போகின்றன. வாங்கும் சாமான் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதும் விவரக்குறிப்பில் "இயங்கும் வெப்பநிலை" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பிரேக், கிளச், டயர் தேய்மானமும் அப்படித்தான், சமவெளிக் கணக்கு இங்கே பொருந்தாது.

ஆனால் இதையெல்லாம் கொழும்பில் இருப்பவர் கனவு கண்டு எழுத முடியாது. எந்தப் பயணத்தில் எத்தனை நிமிடம், எவ்வளவு ஒட்சிசன், என்ன தீர்ந்துபோனது என்று நீங்கள் பதிய வேண்டும். அடுத்த ஆண்டுத் தேவைப் பட்டியல் கேட்டு வரும்போது அந்தப் பதிவை இணைத்து அனுப்புங்கள்.

பண்டாரவளை: ஆகக்குறைந்த விலைக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டுமாமே?

இல்லை. விவரக்குறிப்புக்கு இணங்கிய விலைமனுக்களுக்குள், மதிப்பிட்டபின் குறைந்ததாக வருவதுதான் தெரிவாகும். இணங்காதது எவ்வளவு மலிவென்றாலும் வெளியே. மலிவுச் சாமான் உள்ளே வந்திருந்தால் பெரும்பாலும் விவரக்குறிப்பு ஓட்டையாக எழுதப்பட்டிருக்கும்.

மஸ்கெலியா: எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு வண்டி வராது அண்ணே. நான்கு சக்கரமும் இழுக்கும் (4WD) வண்டி வாங்கச் சொல்ல முடியாதா?

சொல்லலாம். ஆனால் வண்டியின் பெயரை எழுதக் கூடாது, அது செய்ய வேண்டிய வேலையை எழுத வேண்டும். முழுச் சுமையோடு இத்தனை சரிவில் நின்று மீண்டும் கிளம்ப வேண்டும், இத்தனை மீற்றருக்குள் திரும்ப வேண்டும் என்று. அதைவிட ஒன்றைக் கேளுங்கள். லயத்திலிருந்து ரோட்டுக்கு வரும் படிகளில் சில்லு வைத்த ஸ்ட்ரெச்சர் உதவாது. கைபிடி வைத்த தூக்கு விரிப்பும், படியில் இறக்கும் நாற்காலியும் வண்டி விலையோடு பார்க்கையில் மிகச் சிறிய செலவு. அவை இல்லாமல் கம்பளியில் நோயாளியைச் சுமக்கிறார்கள்.

ஹப்புத்தளையில் பிறந்து கனடாவில் இருப்பவர்: நாங்கள் சேர்ந்து ஒரு பழைய அம்பியூலன்ஸ் அனுப்பலாமா?

உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் வண்டியை அனுப்பாதீர்கள். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. உதிரிப்பாகமும் கிடைக்காது. மருத்துவ உபகரணம் என்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். சேவையிடம் எழுத்தில் தேவைப் பட்டியல் கேட்டு, இங்கே ஏற்கெனவே பாவிக்கும் வகையையே வாங்கிக் கொடுங்கள்.

பதுளை: 2025 நவம்பரில் டித்வா புயலில் பாதைகள் துண்டிக்கப்பட்டன. கொள்வனவில் இதற்கு என்ன செய்யலாம்?

வாங்குவதற்கு நிகராக, வாங்கியதை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஒரே களஞ்சியத்தில் எல்லாம் இருந்தால் ஒரு மண்சரிவு போதும். மலையின் இரு பக்கத்துக்கும் மழைக்காலம் வேறு. ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மே முதல் தென்மேற்குப் பருவமழை, பதுளைப் பக்கம் ஒக்டோபரில் தொடங்கி வடகீழ் பருவம் முடியும் வரை. ஆகவே இருப்பு நிரப்பும் திகதியும் இரண்டாக வேண்டும்: ஹட்டன் பக்கம் ஏப்ரலுக்குள், பதுளைப் பக்கம் செப்டெம்பருக்குள். டீசலையும் இந்தக் கணக்கில் சேருங்கள். 2022 வரிசைகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நுவரெலியா: 1990 வண்டிகள் பழையதாகிக்கொண்டு போகின்றனவே?

2016இல் இந்திய நன்கொடையில் மேல், தென் மாகாணங்களுக்கு 88 வண்டி. பிறகு தீவு முழுவதற்கும் 209. மொத்தம் 297. பெரிய தொகுதிகளாக வந்தவை பெரிய தொகுதிகளாகவே மூப்படையும். ஒரே வேளையில் எல்லாவற்றையும் மாற்றத் திறைசேரியிடம் பணம் இருக்காது. 2020 முதல் சில ஆண்டுகள் வாகன இறக்குமதிக் கட்டுப்பாடும் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியை மாற்றுவது, மலையில் ஓடித் தேய்ந்ததை முதலில் மாற்றுவது என்பதே என் நிலைப்பாடு. வயதை மட்டும் பார்த்து வரிசை போடக் கூடாது.

கொட்டகலையிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் மாவட்டத்துக்கு என்ன வாங்கினார்கள் என்று பொதுமக்கள் கேட்கலாமா?

தாராளமாக, டீச்சர். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் எடுக்க வேண்டும். "எவ்வளவு செலவழித்தீர்கள்" என்று மட்டும் கேட்டால் ஒரு தொகை வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஆண்டுப் பெறுகைத் திட்டத்தின் பிரதி, நுவரெலியா மாவட்டத்துக்கு ஒதுக்கிய ஒட்சிசன் சிலிண்டர்களின் எண்ணிக்கை, எந்த அடிப்படையில் ஒதுக்கினார்கள் என்ற குறிப்பு, இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.