அட்வென்டிஸ்ட் (சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் கிறிஸ்தவ சபை) பள்ளியில் வயலின் ஆசிரியராகவும் ஆர்கெஸ்ட்ரா நடத்துநராகவும் இருப்பது வாழ்நாள் வேலையாகுமா, வேறு இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடமா?

"ஒதுங்கும் இடம்" என்று கேட்டிருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். இசைப் பட்டம் முடித்து, பணி நியமனக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வர்ஜீனியா ஜீன் ரிட்டன்ஹவுஸ் என்ற அம்மையார் ஒதுங்கியா போனார்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் சவுத் லங்காஸ்டர் என்ற சிற்றூரில் 1969இல் நியூ இங்கிலாந்து யூத் என்செம்பிள் என்ற இளைஞர் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். அந்தப் பிள்ளைகளை நாடு நாடாக அழைத்துப் போனார், நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி ஹால் அரங்கிலும் மேடையேற்றினார். 1990களில் குழுவோடு மேரிலாந்துக்கு இடம்பெயர்ந்தார். அவர் முன்பு இருந்த அட்லாண்டிக் யூனியன் என்ற அட்வென்டிஸ்ட் கல்லூரி 2018இல் மூடப்பட்டுவிட்டது. அதையும் நான் மறைக்கவில்லை.

நான் அட்வென்டிஸ்ட் அல்ல. மேரிலாந்தில் அவர்களுடைய பள்ளி ஒன்றில் பகுதிநேரமாக வயலின் கற்பித்தேன். சபையார் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், பார்த்ததைத்தான் சொல்கிறேன். வெள்ளி மாலை சூரியன் மறைந்தால் ஓய்வுநாள். மறுநாள் மாலைவரை ஆராதனையில் வாசிக்கலாம், ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. எங்கள் ஆண்டுக் கச்சேரியோ சனிக்கிழமை இரவு. மே மாதத்தில் அங்கே பொழுது சாயவே எட்டு மணி தாண்டிவிடும். அதற்குப் பிறகுதான் நாற்காலி போட்டு, ஸ்டாண்டு வைத்து, சுருதி சேர்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஓர் இரவில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், விரல் வைக்கும் இடம் தெரிய வயலினின் விரல் பலகையில் நான் ஒட்டியிருந்த டேப்பையெல்லாம் உரித்துவிட்டு வந்து நின்றான். அப்பா பார்த்தால் கேலி செய்வாராம். மூன்றாம் விரல் எங்கே போய் விழுமோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. சாக்பீஸால் புள்ளி வைத்து அனுப்பினேன். பிசிறில்லாமல் வாசித்தான்.

ஒத்திகை குறைந்தால் தரம் குறையும் என்பவர்களுக்கு: 1985 முதல் 1995 வரை சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியின் இசை இயக்குநராக இருந்த ஹெர்பர்ட் புளூம்ஸ்டெட்டும் அட்வென்டிஸ்ட்தான். ஓய்வுநாளில் கச்சேரி நடத்துவார், ஒத்திகை எடுக்க மாட்டார். அவர் கணக்கில் ஒத்திகை வேலை, கச்சேரி வழிபாடு. குறை சொல்வதை அவரிடம் போய்ச் சொல்லட்டும்.

சம்பளம் சுமார்தான். ஆர்கெஸ்ட்ராவோடு கைமணிக் குழுவையும் என் தலையில் கட்டினார்கள்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்று. மாணவர்களோடு பயணம் போனபோது ஒரு விமான நிறுவனம் வயலின்களைச் சரக்கில் போடச் சொன்னது. பயணிகள் இருக்கைக்கு மேலே பை வைக்குமிடத்தில் இடமிருந்தால் அனுமதிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2015 முதலே விதி இருக்கிறது. அச்சிட்ட தாளை நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. எங்களுக்கு முன்னால் கிடாரோடு போனவரை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சேர்வதென்றால் தாராளமாகச் சேருங்கள். கையெழுத்துப் போடுமுன் வாத்தியங்கள் வைத்திருக்கும் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். என்னிடம் ஒப்படைத்த செல்லோ ஒன்றில் குதிரையே (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) இல்லை. பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.