சமையலறை உண்டு என்கிறார்கள். அடுப்பு உண்டா என்று கேளுங்கள்

கேள்வி: நானும் கணவரும், பன்னிரண்டு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகளும், மாமியாருமாக ஐந்து பேர் ஒரு பெருநகரத்தில் பத்து இரவுகள் தங்க வேண்டியிருக்கிறது. சின்னவனுக்கு வேர்க்கடலையும் மற்ற கொட்டை வகைகளும் ஒவ்வாமை. மாமியாருக்கு மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் நாங்களே சமைத்துக்கொள்ளும்படியான ஹோட்டல் தேவை. போன முறை ‘சமையலறை உண்டு’ என்பதை நம்பிப் பதிவு செய்து, போய்ப் பார்த்தால் மின் கெட்டிலும் மைக்ரோவேவும் மட்டுமே இருந்தன. இப்போது ஓர் ஏஜென்ட், முழுப் பணத்தையும் முன்கூட்டி வங்கிக் கணக்கில் போட்டால் நகரின் நடுவிலேயே முழு ஃபிளாட் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் தேட வேண்டிய இடம் எது என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஏனென்றால் பெரும்பாலான குடும்பங்கள் தவறான பெயரில் தேடி, அலுத்துப்போன நேரத்தில்தான் இத்தகைய ஏஜென்ட்டின் கையில் சிக்குகின்றன.

சாதாரண ஹோட்டலில் சமையலறையைத் தேடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது அபார்ட்ஹோட்டல் அல்லது சர்வீஸ் அபார்ட்மென்ட். வரவேற்பு மேசையும் துப்புரவு ஊழியரும் உள்ள, ஹோட்டலாகவே நடத்தப்படும் கட்டடம் அது. ஆனால் பெரும்பாலும் அறைக்குள்ளேயே அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவை இருக்கும். இது புதிதாக வந்த ஏற்பாடு அல்ல. அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் ‘ரெசிடென்ஸ் இன்’ 1975இல் தொடங்கப்பட்டதே, வாரக்கணக்கில் தங்குபவர்களுக்கு வீட்டு வசதி வேண்டும் என்ற கணக்கில்தான். 1987இல் மேரியட் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. இன்று ஐரோப்பிய நகரங்களில் அடாஜியோ, ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் சிட்டாடின்ஸ், ஜப்பானில் குடும்பங்களையே குறிவைத்துக் கட்டப்பட்ட மிமாரு எனப் பல தொடர்கள் இருக்கின்றன. எந்த நகரம் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த நகரமானாலும் இந்த வகையில் நாலைந்து இடங்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றோடு மட்டும் பேசுங்கள்.

அடுத்தது, உங்களை ஏற்கெனவே ஏமாற்றிய அந்தச் சொல். ‘சமையலறை’ என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் உலகம் முழுவதற்கும் பொதுவான வரையறை எதுவும் இல்லை. முன்பதிவுத் தளத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடிப்பவர் இடத்தின் உரிமையாளர்தான்; பெரும்பாலும் அதை யாரும் நேரில் போய்ச் சரிபார்ப்பதில்லை. பிறகு புகார் செய்தால், ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’ என்று தளம் கைவிரிக்கும். ‘கிச்சனெட்’ என்று போட்டிருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை: அது இரண்டு அடுப்புள்ள சிறு மேடையாகவும் இருக்கலாம், ஒரு தொட்டியும் காபி இயந்திரமும் மட்டுமாகவும் இருக்கலாம். ‘சமையலறையைப் பயன்படுத்தலாம்’ என்ற வாசகம் பெரும்பாலும் மாடிக்கு ஒன்றாக இருக்கும் பொதுச் சமையலறையைக் குறிக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது ஆகாது.

ஆகவே படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், வரவேற்பு மேசைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். நாங்கள் பதிவு செய்யப்போகும் இந்த வகை அறையில் நிலையாகப் பொருத்தப்பட்ட அடுப்பு உண்டா, எத்தனை பர்னர், இண்டக்‌ஷனா சாதாரண மின் அடுப்பா, கேட்டால்தான் தரும் ஒற்றை அடுப்பா என்று கேளுங்கள். ஐந்து பேருக்குச் சமைக்கும் அளவில் மூடியுடன் கூடிய பாத்திரம் உண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள். புகைபோக்கி புகையை வெளியே தள்ளுகிறதா அல்லது வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்பதும் முக்கியம். இரண்டாவது வகையானால் எண்ணெயைக் காயவைத்துப் பொரிப்பதை மறந்துவிடுங்கள். புகை உணர்வி ஒலித்தால் கட்டடத்தையே காலி செய்ய வைக்கும் இடங்கள் உண்டு, அதற்கான அபராதமும் உங்கள் தலையில்தான் விழும். ஒரே ஹோட்டலில் சில அறை வகைகளில் அடுப்பு இருக்கும், சிலவற்றில் இருக்காது என்பதால், ‘ஆம், இருக்கிறது’ என்ற பொதுப் பதிலை ஏற்காமல் அறை வகையின் பெயரைக் குறிப்பிட்டுப் பதில் கேளுங்கள்.

இண்டக்‌ஷனைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு குடும்பத்துக்கு நானே ஏற்பாடு செய்து கொடுத்த அறை அது; மேடையில் கறுப்புக் கண்ணாடி அடுப்பு பளபளவென்று இருந்தது. அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த அலுமினியப் பாத்திரத்தை வைத்தார்கள். அடுப்பு இரண்டு முறை ‘பீப்’ என்றது, திரையில் ஏதோ ஓர் எழுத்து மின்னியது, அணைந்துவிட்டது. அடுப்பு பழுது என்று நினைத்து வரவேற்பில் சண்டைக்குப் போய்விட்டார்கள். இண்டக்‌ஷன் அடுப்பு காந்தப் புலத்தால் பாத்திரத்தின் அடிப்பாகத்தையே சூடாக்குவது; காந்தம் ஒட்டாத வெறும் அலுமினியம், செம்பு, கண்ணாடிப் பாத்திரங்களைச் சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பு பாத்திரமாகவே மதிக்காது. புறப்படும் முன் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால் மட்டுமே பெட்டியில் வையுங்கள்.

சின்னவனுக்காக இன்னொன்று. அறையிலுள்ள மரக்கரண்டி, கீறல் விழுந்த நான்ஸ்டிக் வாணலி, டோஸ்டர், பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஆகியவற்றில் முன்பு தங்கியவர்கள் சமைத்த உணவின் எச்சம் இருக்கக்கூடும். இவற்றைத் தொடாதீர்கள். மூடியோடு ஒரு எஃகுப் பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு புதிய பஞ்சு இவை மூன்றும் உங்களோடு வரட்டும்.

ஐந்து பேர் என்பது ஹோட்டல்களுக்குச் சிக்கலான எண். குடும்ப அறைகளில் பெரும்பாலானவை நான்கு பேருக்கானவை. ஆறு வயதுப் பிள்ளைதானே என்று கணக்கில் காட்டாமல் போகச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள், தீ பாதுகாப்பு விதிப்படி அறைக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பு இருக்கும் இடங்களில் வாசலிலேயே மறுத்துவிடுவார்கள். ஐவருக்கான அறை கிடைக்காவிட்டால் அடுப்புள்ள அறை ஒன்று, அதே மாடியில் மலிவான சாதாரண அறை ஒன்று என எடுங்கள். சமையலறை இரண்டு தேவையில்லை. ஆனால் ‘அடுத்தடுத்த அறை’ வேறு, ‘உள்கதவால் இணைந்த அறை’ வேறு. மாமியாருக்கு இரவில் துணை வேண்டுமென்றால் இரண்டாவதைத்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

இனி உங்கள் ஏஜென்ட்டுக்கு வருகிறேன். நெரிசலான நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை கடுமையாகிவிட்டதால், குடியிருப்பு ஃபிளாட்களைச் சில நாள் வாடகைக்கு விடுவதை அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுப்படுத்தி வருகின்றன. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் 5 முதல் அமலாகும் பதிவு விதியின்படி, முப்பது நாளுக்குக் குறைந்த வாடகை என்றால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க வேண்டும், பணம் கொடுத்துத் தங்குபவர்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அங்கே முழு ஃபிளாட் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னால் அதன் பொருள் என்னவென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. முறையான சர்வீஸ் அபார்ட்மென்ட்டிலேயே ஏழு நாள் குறைந்தபட்ச வரம்பு உண்டு. ஹாங்காங்கில் 28 நாளுக்குக் குறைவாகத் தங்கவைக்க உரிமம் வேண்டும். ஜப்பானில் 2018 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள சட்டம், பதிவு செய்த வீட்டையும் ஆண்டுக்கு 180 நாள் மட்டுமே இப்படி விட அனுமதிக்கிறது. சட்டத்துக்குப் புறம்பான ஃபிளாட்டில் நீங்கள் போய் இறங்கும் நாளில் காவலாளி உள்ளே விடாவிட்டால், இரவு பதினொரு மணிக்கு வயதானவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தெருவில் நிற்கப்போவது நீங்கள்தான். ஏஜென்ட்டின் தொலைபேசி அப்போது அணைக்கப்பட்டிருக்கும்.

அவ்வளவுகூட வேண்டாம், ஃபிளாட்டே இல்லாமலும் இருக்கலாம். வேறொருவரின் விளம்பரத்திலிருந்து படங்களை எடுத்துப் போட்டு, மூன்று குடும்பங்களிடம் ஒரே தேதிக்கு முன்பணம் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட் அனுப்பிய படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அதே சோபா வேறொரு நகரத்தின் விளம்பரத்தில் தோன்றினால் பேச்சை அத்தோடு முடித்துவிடலாம். பதிவு எண் அல்லது உரிம எண்ணைக் கேளுங்கள். ‘தளத்தின் கமிஷன் மிச்சமாகும், எனக்கே நேரடியாக அனுப்புங்கள்’, ‘இன்னொரு குடும்பமும் கேட்டுக்கொண்டிருக்கிறது, இன்றிரவுக்குள் போடுங்கள்’ ஆகிய இரண்டு வாசகங்களும் எந்த மொழியில் வந்தாலும் ஒன்றுதான். வங்கிக் கணக்குக்கு அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். கடன் அட்டையில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் முறையிட்டுத் திரும்பக் கேட்கும் வழியாவது இருக்கிறது.

தளத்துக்கு வெளியே பணம் கட்டவே கூடாதா என்றால், ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இதை நிறைய பேர் தவறாகப் புரிந்துகொள்வதால் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். உண்மையான ஹோட்டல் ஒன்றில், அதன் சொந்த இணையதளத்திலோ வரவேற்பு மேசையிலோ நேரடியாகப் பதிவு செய்வது தவறல்ல. ஏழு இரவுக்கு மேல் தங்குவோருக்குப் பல அபார்ட்ஹோட்டல்கள் நேரடிப் பதிவில் குறைந்த கட்டணம் தருகின்றன, உங்கள் பத்து இரவுக்கு அது பொருந்தவும் கூடும். ஆனால் ‘நேரடி’ என்பது உண்மையிலேயே நேரடியாக இருக்க வேண்டும். தேடுபொறியில் ஹோட்டலின் பெயரைப் போட்டதும் மேலே வரும் விளம்பரம் பெரும்பாலும் ஹோட்டலுடையதாக இருக்காது. அதே பெயரையும் படங்களையும் போட்டுக்கொண்டு நிற்கும் இடைத்தரகர் தளமாக இருக்கும். முகவரிப் பட்டையில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஹோட்டல் தொடரின் தலைமைத் தளத்தில் உள்ள பட்டியலிலிருந்து அந்தக் கிளைக்குச் செல்லுங்கள், அங்குள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்; உங்களுக்கு வந்த அழைப்பிலோ உங்களுக்கு அனுப்பப்பட்ட இணைப்பிலோ பணம் கட்டினால் அது இந்த விதிவிலக்கில் சேராது. அப்போதும் அட்டையில்தான் கட்ட வேண்டும், இரத்து விதிகள் உங்கள் பெயரிட்ட உறுதிப்பாட்டு மின்னஞ்சலில் எழுத்தில் வர வேண்டும். உங்கள் ஏஜென்ட் சொல்வது இதில் எதற்கும் பொருந்தவில்லை.

பதிவு செய்த பிறகும் ஒரு வலை காத்திருக்கிறது. ‘உங்கள் அட்டை சரிபார்க்கப்படவில்லை, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் சரிசெய்யாவிட்டால் முன்பதிவு இரத்தாகும்’ என்று முன்பதிவுத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே, ஹோட்டலின் பெயரிலேயே, உங்கள் சரியான தேதிகளோடு செய்தி வரலாம். ஹோட்டல் ஊழியரின் கணக்கைத் திருடியவர்கள் அங்கிருந்தே அனுப்புவதால் பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கும். இணைப்பைத் தொடாமல் ஹோட்டலுக்கு அழைத்துக் கேளுங்கள்.

விலையை ஒப்பிடும்போது துப்புரவுக் கட்டணம், நகர வரி, வைப்புத்தொகை எல்லாம் சேர்ந்த பத்து இரவின் முழுத் தொகையை மட்டும் பாருங்கள். அமெரிக்காவில் 2025 மே 12 முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்ற விதி வந்துவிட்டது; அப்படியொரு விதி இல்லாத இடங்களில் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ‘நகர மையம்’ என்ற விளம்பரத்தைவிட ரயில் நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறதா, பத்து நிமிட நடையில் காய்கறிக் கடை இருக்கிறதா என்பதே உங்கள் குடும்பத்துக்கு முக்கியம்.

கடைசியாக, இறங்கிய அன்று பெட்டிகளைத் திறக்கும் முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து எல்லா பர்னரையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். பல அறைகளில் அடுப்புக்குத் தனிச் சுவிட்ச் ஒன்று அலமாரிக்குள்ளோ மேடைக்கு மேலோ இருக்கும், அதையும் பாருங்கள். அப்படியும் எரியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, முன்பு எழுத்தில் வாங்கிய மின்னஞ்சல் பதிலை வரவேற்பில் காட்டி உடனே அறையை மாற்றித் தரக் கேளுங்கள். ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் சொன்னால், அறையை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்றுதான் பேசுவார்கள்.