ஓர் எழுத்து மாறினால் எதிர்ப்புச் சக்தி மாறுமா?

கேள்வி: மரபணுச் சோதனை அறிக்கையில் 'புரோமோட்டர் பகுதியில் மாற்றம்' என்று வந்திருக்கிறது. மரபணு பழுதாகிவிட்டதா?

பதில்: இல்லை. புரோமோட்டர் என்பது மரபணு வாசிக்கப்படத் தொடங்கும் இடத்தை ஒட்டி, பெரும்பாலும் அதற்கு முன்னால் இருக்கும் டி.என்.ஏ. பகுதி. எந்தப் புரதம் என்பது மரபணுவுக்குள் எழுதியிருக்கிறது. எந்த செல்லில், எப்போது, எவ்வளவு என்பதில்தான் புரோமோட்டருக்குப் பங்கு. டி.என்.ஏ. என்பது ஏ, டி, சி, ஜி என்ற நான்கு 'எழுத்து'களின் வரிசை. புரோமோட்டரில் ஓர் எழுத்து மாறினாலும் புரதம் அதேதான். அளவு கூடலாம், குறையலாம். பல மாற்றங்களால் ஒன்றுமே ஆவதில்லை.

கேள்வி: ஒரே ஓர் எழுத்து நோயைத் தடுத்துவிடுமா?

பதில்: தடுத்திருக்கிறது. வைவாக்ஸ் மலேரியா கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைய, அதன் மேற்பரப்பிலுள்ள டஃபி புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பெரும்பாலோருக்கு டஃபி மரபணுவின் புரோமோட்டரில் 'டி' இருக்க வேண்டிய இடத்தில் 'சி' இருக்கிறது. சிவப்பணுவில் மரபணுவை இயக்கிவிடும் 'காட்டா-1' என்ற புரதம் வந்து ஒட்ட வேண்டிய இடம் அது. ஒட்ட முடியாததால், தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியிலும் இந்த மாற்றம் உள்ளவர்களின் சிவப்பணுவில் டஃபி இல்லை. 1995-இல் இது விளங்கியது. ஆனால் அதே ஆளின் ரத்தக்குழாய் உட்சுவரில் டஃபி வழக்கம்போல உருவாகிறது! அங்கே காட்டா-1 தேவைப்படுவதில்லை. மரபணுவையே தொலைத்திருந்தால் இப்படி ஓரிடத்தில் மட்டும் அணைக்க முடியாது. பாதுகாப்பும் முழுமையானதல்ல, மடகாஸ்கரில் டஃபி இல்லாதவர்களுக்கும் வைவாக்ஸ் தொற்றியதை 2010-இல் கண்டார்கள்.

கேள்வி: டி.என்.எஃப். அதிகம் சுரக்க வைக்கும் மாற்றம் இருந்தால் நல்லதுதானே?

பதில்: 'அதிகம்' என்றாலே நல்லது என்று நினைப்பதுதான் சிக்கல். டி.என்.எஃப். அழற்சியைக் கிளப்பும் புரதம். அளவாக இருந்தால் கிருமிக்கு ஆபத்து, மிஞ்சினால் நமக்கு. அதன் புரோமோட்டரில் மைனஸ் 308-ஆம் இடத்தில் (வாசிப்பு தொடங்கும் இடத்துக்கு 308 எழுத்து முன்னால்) 'ஜி'க்குப் பதில் 'ஏ' வருவதுண்டு. காம்பியாவில் குழந்தைகளிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், இரண்டு பிரதியிலும் 'ஏ' இருந்தவர்களுக்கு மூளை மலேரியாவால் இறப்போ கடும் நரம்புப் பாதிப்போ நேரும் அபாயம் சுமார் 7 மடங்கு. சரி, குற்றவாளி அந்த எழுத்துதானா? அங்கேதான் எனக்குத் தயக்கம். 6-ஆம் குரோமோசோமில், எதிர்ப்புச் சக்தியில் பங்குள்ள எச்.எல்.ஏ. மரபணுக்களுக்கு நடுவே இருக்கிறது டி.என்.எஃப். அக்கம்பக்கத்து மாற்றங்கள் கூட்டமாகவே பிள்ளைகளுக்குப் போகும். யாருடைய வேலை எது என்று பிரிப்பது கடினம். அந்த 'ஏ' உற்பத்தியைக் கூட்டுகிறதா என்பதிலேயே ஆய்வக முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

கேள்வி: உணவால் இதைச் சரிசெய்யலாமா?

பதில்: எழுத்தை மாற்ற முடியாது.

கேள்வி: அப்படியானால் இந்த அறிக்கையால் பயனே இல்லையா?

பதில்: 'எதிர்ப்புச் சக்தி மதிப்பெண்' என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாம். டஃபி விஷயம் வேறு. அந்த மாற்றம் இரட்டையாக உள்ளவர்களுக்கு ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே குறைவு. அதனால் தொற்று கூடுவதில்லை. இது தெரியாவிட்டால் அந்தக் குறைவை நோய் என்றோ மருந்தின் விளைவு என்றோ நினைத்துத் தேவையில்லாத சோதனைகள் நடக்கும், சிலருக்கு மருந்தின் அளவைக்கூடக் குறைத்துவிடுவார்கள். அறிக்கையில் டஃபி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.